ஏற்றத்தில் ஏன் நிறுத்தினேன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், இந்த முறை முதன்முதலாக ஓட்டுநராக வந்திருக்கும் தங்கச்சிக்கும் நாலு வார்த்தை எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவனிடம் நேரம் கொட்டிக் கிடக்கும் என்று அவருக்கு நினைப்பு. பொய்யில்லை, கிடக்கத்தான் செய்கிறது. நோர்வூட்டுக்கு உள்ளே, ஒரு காலத்தில் துரைமார் குடியிருந்த பங்களா ஹோட்டலாக மாறியதிலிருந்து அதன் வாகனங்களை ஓட்டியே என் தலை நரைத்தது. வண்டியை எப்படிக் கழுவுவது, எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் ஷெட்டில் இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஓர் ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெட்டின் கோடியில் நிற்கும் சாம்பல் நிற வண்டியைத்தான் சொல்கிறேன். அதைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் யாரும் இல்லை, நீங்களும் பிளந்திருப்பீர்கள். பார்வைக்குத்தான் அது சின்ன ஜீப் மாதிரி உயரமாக நிற்கிறது. குணத்தில் அது ஓட்டப் பந்தயத்துக்குத் துடிக்கும் கார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே முன்பக்கம் திரும்பிவிடும். வளைவில் நம்முடைய பழைய வேன் மாதிரி சாயாது, தரையைப் பிடித்துக்கொண்டு போகும். அதற்காக ஸ்பிரிங்கை இறுக்கமாகவும் டயரின் பக்கச் சுவரைக் குட்டையாகவும் வைத்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அது சுகம். தோட்டத்துப் பாதையில் இறங்கினால் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வந்து சேரும். பத்தாததற்கு மாற்று டயரும் கிடையாது.

எஞ்சின் சின்னது, டர்போ வைத்தது. மெதுவாகப் போகும்போது தூங்கி வழிவதுபோல இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். அந்தப் பாய்ச்சலில் மயங்கித்தான் பல பேர் அதை நல்ல வண்டி என்கிறார்கள். நான் அதை நல்ல வண்டி என்று சொல்வதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கவனிக்க வேண்டியது கியர்பாக்ஸ். காலுக்குக் கீழே கிளச் இல்லை என்பதால் வண்டியிலேயே கிளச் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே இரண்டு இருக்கின்றன. ஒன்று இந்தக் கியரைப் பிடித்திருக்கும்போது மற்றது அடுத்த கியரோடு தயாராக நிற்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் மாறுகிறது. நாம் காலால் செய்ததை அது தானாகச் செய்துகொள்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் நத்தை வேகத்தில் ஊர்ந்தால் நம் பழைய கிளச் எப்படி உரசிச் சூடாகுமோ, அப்படியே இதுவும் சூடாகும். ஆனால் நம் கிளச் சூடானால் கருகிய வாடை வந்து நமக்குப் புரிந்துவிடும். இது கடைசி வரைக்கும் மரியாதையாக இருந்துவிட்டு, பிறகு ஒரேயடியாகக் கையை விரித்துவிடும்.

மலையில் ஓட்டப் பழகிய நம் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. ஏற்றத்தில் முன்னால் போகிற வண்டி நின்றுவிட்டால் நாம் பிரேக்கைத் தொடமாட்டோம். கிளச்சைப் பாதி விட்டு, எக்ஸலேட்டரை லேசாக மிதித்து, வண்டியை அந்த இடத்திலேயே பிடித்து வைத்திருப்போம். பின்னால் ஓர் அங்குலம் உருண்டாலும் மானம் போய்விடும். உருண்டதை ஹட்டன் ஸ்டாண்டில் யாராவது பார்த்துவிட்டால், டீக்கடையில் ஒரு வாரத்துக்கு நம் கதைதான் ஓடும்.

வண்டி வந்த புதிதில் கொழும்பிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து எங்களுக்குப் பழக்கினார். எங்கள் வியாதியை அவர் முதல் ஏற்றத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "ஏத்தத்தில எக்ஸலேட்டர்ல பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, பிரேக் அடிச்சு நில்லுங்க" என்றார். "சூடு வெளக்கு வந்தா சமமான எடமாப் பாத்து நிப்பாட்டி, எஞ்சினை ஓட விட்டு ஆற விடுங்க. நிப்பாட்டாம ஓட்டினீங்கன்னா ரெண்டு கிளச்சும் கையை விட்டுரும். எஞ்சின் சத்தம் போடும், சில்லு சுத்தாது" என்றார். நாங்கள் நல்ல பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம். தலை ஒத்துக்கொண்டதைக் கால் ஒத்துக்கொள்ள எத்தனை காலம் ஆகும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே போனார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மழை விட்டிருந்த ஒரு முற்பகல். ஹட்டன் ஸ்டேஷனில் விருந்தினரை இறக்கிவிட்டு, தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் தோட்டத்துப் பாதை ஒரு மேட்டின் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் பள்ளத்துக்கு இறங்கித்தான் ஹோட்டலுக்குப் போகும். பள்ளத்தில் இறங்கி வளைவில் திரும்பியபோது பாதையின் நடுவில் பெண்கள் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். சிலர் தலைத்துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள்.

"அண்ணே, நில்லுங்க, நில்லுங்க! கொளவி கொட்டிருச்சு!"

தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையில் ஒரு மரத்திலிருந்த குளவிக் கூடு கலைந்திருக்கிறது. மற்றவர்கள் நாலைந்து கொட்டு வாங்கித் தப்பி ஓடிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கொழுந்துக் கூடையோடு மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்து அகப்பட்டுக்கொண்டாள். அவள் பெயர் கோகிலா. பாதையோரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கிக் கண் தெரியவில்லை, மூச்சு விசில் அடிப்பதுபோல வந்துகொண்டிருந்தது. பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சிவலிங்கம், வெட்டுக் கத்தியை எறிந்துவிட்டு அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்தார். குளவி கொட்டிப் போய்ச் சேர்ந்தவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பின் கதவைத் திறந்தேன். அப்போதும் யாரும் அவளைத் தூக்கவில்லை. எல்லோரும் உள்ளே இருந்த வெள்ளைத் தோல் இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் மூத்தவரான மேரி அக்கா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, ஈரமும் சேறுமாக இருந்ததால் உள்பக்கத்தை மேலே திருப்பி இருக்கையில் விரிக்கப் பார்த்தார்.

"அதெல்லாம் என்னத்துக்குங்க? மொதல்ல ஆளை ஏத்துங்க!" என்று கத்தினேன்.

"இல்ல தம்பி, தொரமாரு வண்டி. நாளைக்கி ஒங்களுக்குத்தான் ஏச்சு விழும்" என்றார் மேரி அக்கா.

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மூச்சு நிற்கப் போகிறவளைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கைக்கு அழுக்குப்படுமே என்று யோசிக்க வைத்தது யார்? அந்தக் கேள்விக்கு அப்போது நேரமில்லை. சாக்கை இழுத்து எறிந்துவிட்டு, நானே தோளைப் பிடித்துத் தூக்கினேன். மேரி அக்கா உள்ளே ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சிவலிங்கம் காலடியில் குந்திக்கொண்டார். குறுக்கும் மறுக்குமாக வண்டியைத் திருப்பி, வந்த வழியே ஏறத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய காரியம், அழுத்துவதுதான். வண்டியும் அழுத்து அழுத்து என்றுதான் கேட்கும். ஆனால் பாதை கரடுமுரடு, ஸ்பிரிங் இறுக்கம். முதல் குழியிலேயே கோகிலா முனகியது எனக்குக் கேட்டது. ஒரு டயர் கிழிந்தாலும் கதை முடிந்தது. ஆகவே கல்லைப் பார்த்து, குழியைப் பார்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினேன். அவசரத்தில் மெதுவாக ஓட்டுவதுபோலக் கஷ்டமான வேலை நம் தொழிலில் வேறில்லை.

கொங்கிறீட் போட்ட செங்குத்தான ஏற்றம் வந்ததும் முன்னால் ஒரு கொழுந்து லொறி. தொழிற்சாலைக்குப் போகிறது. ஒரு வண்டி போகிற அகலம்தான், இடது பக்கம் பாதாளம். ஹாரனை அடித்தேன். அவரும் பாவம், எங்கே ஒதுங்குவார்? தொழிற்சாலைப் பாதை பிரியும் இடம் வரைக்கும் அவருக்கு வழியில்லை. அவர் ஊர்ந்தார், நானும் பின்னால் ஊர்ந்தேன். கொண்டை ஊசி வளைவில் அவர் ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் எடுத்தார். அந்த நேரமெல்லாம் என் கால் பிரேக்கில் இல்லை. பின்னால் ஓர் உயிர் துடிக்கும்போது வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னுக்குப் போகக் கூடாது என்று, மலைப் பழக்கத்தில், எக்ஸலேட்டரிலேயே பிடித்துக்கொண்டு நின்றது.

கடைசியில் பிரிவு வந்தது. லொறி தொழிற்சாலைப் பக்கம் திரும்பியது. எனக்கு முன்னால் பாதை வெறிச்சென்று கிடந்தது. "போங்கண்ணே, போங்க!" என்றார் சிவலிங்கம். நான் அழுத்தினேன். வண்டி ஒரு தடவை உதறியது. கண்ணுக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது, கியர்பாக்ஸ் சூடு, பாதுகாப்பாக நிறுத்தவும் என்று எழுத்து வந்தது.

உச்சிக்கு இன்னும் பல வளைவுகள் இருந்தன. அந்த வளைவுகளில் வீடு கிடையாது, தொழிலாளர் லயம் கிடையாது, போன் எடுக்காது. அங்கே நடுவழியில் கிளச் கையை விட்டால், தள்ளுவதற்குக்கூட ஆள் கிடைக்காது. இந்தப் பிரிவில் மட்டும்தான் நாலு சில்லும் சமமாக நிற்கிற இடம் இருந்தது. விளக்கு இப்போதுதான் வந்திருக்கிறது, உச்சி வரைக்கும் தாங்கிவிடும் என்று மனம் சொன்னது. தாங்காவிட்டால் என்றும் அதே மனம் கேட்டது. உச்சி வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது சூதாட்டம். பந்தயம் வைத்திருப்பது என் உயிராக இருந்தால் ஆடியிருப்பேன். நான் ஓரமாக எடுத்து நிறுத்தினேன்.

லொறி டிரைவரைக் கூப்பிட்டேன். "தொழிற்சாலைல வேற வண்டி இருக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே. வேன் ஹட்டனுக்குப் போயிருச்சு."

"அப்ப ஆபீஸ் போன்ல ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க. கொளவி கொட்டுன ஆளு, மூச்சு எடுக்க முடியல, வந்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க."

அவர் விழுந்தடித்துக்கொண்டு போனார். நான் திரும்பினேன். சிவலிங்கத்தின் முகம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

"ஏண்ணே நிப்பாட்டுனீங்க? ரோடுதான் காலியா கெடக்கே!"

"கியர்பாக்ஸ் சூடாயிருச்சுங்க. இப்ப ஓட்டுனா வண்டி கெட்டுரும். கொஞ்சம் ஆறட்டும்."

"கெட்டா கெடட்டும்ணே! எம் பொண்டாட்டி சாகுறா!"

"கொஞ்ச நேரந்தான். பொறுங்க."

அவர் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். ஓங்கிய கை பாதியில் நின்றது. உடனே கதவைத் திறந்து இறங்கி, கோகிலாவின் இடுப்பில் கையைக் கொடுத்து வெளியே இழுக்கத் தொடங்கினார். "நான் தூக்கிக்கிட்டே போறேன். ஒங்க வண்டியை நீங்களே வச்சுக்கங்க" என்றார். அந்த ஏற்றத்தில், ஒரு முழு ஆளைத் தூக்கிக்கொண்டு!

"ஏப்பா சிவலிங்கம், எங்கப்பா தூக்கிட்டுப் போவ?" என்று மேரி அக்கா அதட்டினார். "அவளுக்கு வாந்தி வருது பாரு. இங்கிட்டுத் திருப்பிப் பிடி."

இருவருமாகச் சேர்ந்து கோகிலாவை ஒருபக்கமாகத் திருப்பினார்கள். அவள் வாந்தி எடுத்தாள். மேரி அக்கா விரலைவிட்டு வாயைத் துடைத்தார், கழுத்துத் துணியைத் தளர்த்தினார். விசில் சத்தம் நிற்கவில்லை. அது நிற்காமல் இருக்கட்டும் என்று நான் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று என்னைக் கேட்காதீர்கள். மணிக்கூட்டில் அது சில நிமிஷம்தான் இருக்கும். சிவலிங்கம் கோகிலாவின் காலைப் பிடித்துக்கொண்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.

விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு வண்டியை ஊர விடவில்லை, ஒரே சீராக ஏற்றினேன். உதறல் இல்லை. உச்சியைத் தாண்டி மெயின் ரோட்டில் சேர்ந்ததும், நான் முன்னே சொன்னேனே, அந்த வண்டியின் நல்ல குணம் தெரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தகட்டை விரலால் தட்டி, கியரைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டேன். பிரேக்கை அதிகம் தொட வேண்டியிருக்கவில்லை. வளைவுக்கு வளைவு அது சாயாமல், ஆடாமல், ஒரே கோட்டில் வழிந்து இறங்கியது. வேனாக இருந்தால் கோகிலா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டிருப்பாள். இங்கே மேரி அக்காவின் மடியிலிருந்து அவள் தலை நகரவே இல்லை. இந்த வண்டியை வேகமாக ஓட்டுபவர்கள் அதிகம். அதன் வேகத்தைப் படுத்திருக்கிறவருக்குத் தெரியாமல் ஓட்டுவதற்குத்தான் நீங்கள் பழக வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு காத்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து போன் போயிருந்தது. உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டு, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். வெளியே வாங்கில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். சிவலிங்கம் என்னைவிட்டுத் தள்ளி அடுத்த கோடியில் உட்கார்ந்தார். பின்னேரம் டாக்டர் வந்து, ஆபத்து தாண்டிவிட்டது என்றார். மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிவலிங்கம் டாக்டரைக் கும்பிட்டார், நர்ஸ்மாரைக் கும்பிட்டார், என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

ஹோட்டலுக்குத் திரும்பியபோது மேனேஜர் வாசலில் நின்றார். தகவல் எனக்கு முன்னாலேயே போயிருந்தது. அவர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஆள் பிழைத்ததா?" என்பது. பிழைத்தது என்றேன். "அப்படியென்றால் போய்ச் சாப்பிடு. இருக்கையை நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். நல்ல மனிதர். அன்றைக்கு நான் செய்தது சரி என்ற நிம்மதியோடுதான் படுத்தேன். கொழும்பு டெக்னீஷியனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவரும் நிறுத்தியதுதான் சரி என்றார். ஓடியிருந்தால் உச்சிக்குப் போயிருக்காது என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்கவே தேவையில்லை. விளக்கு வந்தால் நிறுத்து என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது.

கோகிலா லயத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவலிங்கம் ஷெட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் போட்டு, தலை வாரி வந்திருந்தார். நான் அந்த வண்டியைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்திவிட்டு, கோகிலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது, சோறு சாப்பிடுகிறாள், மலைக்குப் போகத்தான் பயப்படுகிறாள் என்றார். பிறகு வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கி ஒங்களை அடிக்கக் கை ஓங்கிட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

"அதை விடுங்க. ஒங்க எடத்தில நானா இருந்தா அடிச்சே இருப்பேன்."

"இல்லண்ணே, சொல்லிர்றேன். அந்த எடத்தில நீங்க நிப்பாட்டுனப்ப, தொர வண்டி கெட்டுறக் கூடாதுன்னுதான் நிப்பாட்டுறீங்கன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டிய விட வண்டி பெருசாப் போச்சேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியிலயும் அந்த நெனப்புதான். பெறகு லொறிக்காரரு சொல்லித்தான் வெளங்குச்சு."

"நான் அப்பவே சொன்னேனே" என்றேன். சொன்னவுடனேயே அது எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று தெரிந்தது.

"சொன்னீங்கண்ணே" என்றார் சிவலிங்கம். அவர் குரலில் கோபம் இல்லை. "ஓட்டுனா வண்டி கெட்டுரும்னு சொன்னீங்க. வண்டி நின்னுட்டா அவ நடுக் காட்டில கெடப்பான்னு நீங்க சொல்லலியே."

தம்பிமாரே, தங்கச்சி, உங்களுக்கும் ஒரு நாள் காலியான பாதையில் வண்டியை நிறுத்த வேண்டி வரும். அப்போது விளக்கைப் பற்றியும் கியர்பாக்ஸைப் பற்றியும் பேச வேண்டாம். பின்னால் திரும்புங்கள். படுத்திருப்பவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.